வீட்டுக்கு வந்த பரீட்சை

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ 2020, 2021 ஆண்டுகளில் கல்லூரியில் படித்த பெண்ணோ பிள்ளையோ கட்டாயம் இருக்கும். "எந்த வருஷம் டிகிரி முடித்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "இருபத்தொன்று" என்று பதில் வரும். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கித்தான் வரும். அடுத்த கேள்வி என்னவென்று அதற்குத் தெரியும். "ஓகோ, கொரோனா பாஸா?"

வேலைக்கு ஆள் எடுக்கிறவர் இதைக் கேட்கிறார். பெண் பார்க்க வந்த இடத்தில், பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே பிள்ளையின் அத்தை கேட்கிறாள். எண்பது மார்க் என்றால் சந்தேகம்; தொண்ணூறு என்றால் சந்தேகமே இல்லை! வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்து எழுதியதுதானே என்று எல்லோரும் தீர்மானமாக இருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து எழுதுவது என்றால் என்ன என்பதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. வீடு என்று சொன்னால் போதுமா? அண்ணனுக்கு ஒரு வீடு, தங்கைக்கு ஒரு வீடு. ஒரே கூரையின் கீழ் இரண்டும் இருக்கின்றன.

எங்கள் காரியாலயத்தில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இதைப் பற்றி ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. பிழை திருத்தும் நண்பர் சொன்னார்: "பரீட்சை வீட்டுக்கு வந்ததில் பெண்களுக்குத்தான் கொண்டாட்டம். நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டு, தலைப்புக்குச் சிவப்புக் கோடு போடுகிற ஜாதி அல்லவா? அசைன்மென்ட் என்றால் விடுவார்களா?" படம் போடும் பெண்மணிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் ஒன்று! வீட்டோடு இருந்தால் பெண்ணுக்குப் படிக்க நேரம் ஏது? மார்க் சரிந்துதான் இருக்கும்" என்றார். இருவருக்கும் சாம்பார் ஆறிப் போனதுதான் மிச்சம்.

இரண்டு பேர் சொன்னதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. எந்தப் பாதி என்று பார்ப்போம், வாருங்கள்.

நடந்ததை முதலில் ஒரு தரம் ஞாபகப்படுத்திக் கொள்வோம். 2020 மார்ச் 17-ந் தேதி தமிழ்நாட்டில் கல்லூரிகளை மூடினார்கள். இரண்டு வாரம் என்றார்கள். பெண்கள் துவைக்க வேண்டிய துணியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ஹாஸ்டலிலிருந்து ஊருக்குப் போனார்கள்; புத்தகங்கள் அலமாரியிலேயே இருந்தன. 25-ந் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அந்தப் பருவத்துப் பரீட்சை நடக்கவில்லை. முதலாண்டு, இரண்டாமாண்டுக்காரர்களுக்கு உள்மதிப்பீட்டு மார்க்கையும் பழைய மார்க்கையும் வைத்துத் தேர்ச்சி போட்டார்கள். ஆகஸ்டு 26-ல், பணம் கட்டியவர்களுக்கு அரியர் பரீட்சையும் ரத்து என்று முதலமைச்சர் அறிவித்தார். அன்றைக்கு ஊர் ஊராக அவருக்கு வாழ்த்துச் சுவரொட்டி ஒட்டிய மாணவர்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டே நாள் கழித்து, 28-ந் தேதி, இறுதியாண்டுக்காரர்கள் பரீட்சை எழுதியே ஆகவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அரியர் விவகாரமும் பின்னால் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. பரீட்சை இல்லாமல் பாஸ் போடுவதைக் கோர்ட்டு ஒப்புக்கொள்ளவில்லை.

2020 டிசம்பர் 7-ல் இறுதியாண்டு இளங்கலை மாணவர்களுக்குக் கல்லூரி திறந்தது. 2021 மார்ச் கடைசியில் மறுபடி மூடினார்கள். பரீட்சை ஆன்லைனில். சில இடத்தில் கேள்விக்குப் பதிலை 'டிக்' அடிக்க வேண்டும். சில இடத்தில் வெள்ளைத் தாளில் எழுதி, செல்போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். மூன்று மணி நேரம் எழுதுவதைவிட, அதை அனுப்புகிற அரை மணி நேரத்தில்தான் பல பேருக்கு உயிர் போயிற்று.

இதையெல்லாம் நான் செய்தி சேகரிக்கப் போய்த் தெரிந்துகொள்ளவில்லை. நான் தங்கியிருந்த மகளிர் விடுதியை மூடிவிட்டதால், ஒரு பெட்டியும் படுக்கையுமாகப் பெரம்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பதினான்கு மாதம் அங்கேதான் இருந்தேன். அக்காவுக்குப் பெண் ஒன்று, பிள்ளை ஒன்று. பெண் பி.எஸ்ஸி. ரசாயனம், இரண்டாம் வருஷம். பிள்ளை என்ஜினீயரிங் முதல் வருஷம். முதல் பருவத்திலேயே இரண்டு பாடத்தில் அரியர் வைத்திருந்தான். அத்தானுக்கு அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஊரடங்கு வந்த இரண்டாம் மாதமே சம்பளம் பாதியாகிவிட்டது. அத்தானுடைய தாயாரும் கூட இருந்தார். ஆக, இரண்டு அறை கொண்ட வீட்டில் ஆறு பேர்.

வீட்டில் ஒரு லாப்டாப்தான் உண்டு. அது யாருக்கு என்று யாரும் கூடிப் பேசித் தீர்மானிக்கவில்லை. அது தன்னாலேயே பிள்ளையின் அறைக்குப் போய்விட்டது. "அவன் என்ஜினீயரிங் படிக்கிறான். அவனுக்குத்தானே கம்ப்யூட்டர் வேண்டும்?" என்றாள் அக்கா. பெண்ணுக்கு, திரையில் விரிசல் விட்டிருந்த அத்தானின் பழைய செல்போன். ரசாயனச் சமன்பாட்டில் அம்புக்குறி எங்கே இருக்கிறது, விரிசல் எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவே ஒரு தனிப் படிப்புப் படிக்க வேண்டும்!

பிள்ளைக்குக் கதவு சாத்திய அறை; மின்விசிறி; தலைமாட்டில் மணிக்கொரு தரம் காப்பி. காமிராவை அணைத்துவிட்டு அவன் வகுப்பில் தூங்கினான் என்று நான் கோள் சொல்லப் போவதில்லை. சில நாள் விளையாட்டும் விளையாடினான். பெண்ணுக்கு இடம் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த நிலைப்படி. அங்கேதான் 'சிக்னல்' கொஞ்சம் கிடைத்தது. அக்கா கூப்பிட்டால் எழுந்துபோகவும் வசதி.

வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாளை ஊரடங்கில் வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாள் செய்த வேலை மட்டும் நிற்கவில்லை. பாத்திரம் விழுந்தது, துணி விழுந்தது. ஆறு பேரும் மூன்று வேளையும் வீட்டிலேயே சாப்பிட்டோம். நானும் என்னால் ஆனதைச் செய்தேன். எனக்கும் வீட்டிலிருந்தே வேலை என்ற பெயரால் ஒரு மேஜை கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மேஜை கிடையாது. வகுப்பு நடந்துகொண்டே இருக்கும். ஒரு காதில் பேராசிரியை, மற்றொரு காதில் கிரைண்டர். ஒரு நாள் ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டாள். குக்கர் நான்கு விசில் அடித்தது. "யார் வீட்டில் பருப்பு வெந்தது?" என்று பேராசிரியை கேட்டாராம். அறுபது பெண்களும் சிரித்தார்கள். ஆனால் அதில் ஐம்பது பேர் வீட்டில் அந்த நேரம் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது பெரம்பூரில் ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். கொரோனா வருவதற்கு முந்தின ஆண்டு, 2019-ல், மத்திய சர்க்கார் நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தார்கள். யார் எந்த வேலையில் எத்தனை நிமிஷம் செலவிடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. சம்பளம் இல்லாத வீட்டு வேலையைப் பெண்களில் 81.2 சத விகிதம் பேர் செய்தார்கள், ஆண்களில் 26.1 சத விகிதம். செய்கிறவர்கள் அதற்குச் செலவிட்ட நேரம், பெண்களுக்கு நாளொன்றுக்கு 299 நிமிஷம், ஆண்களுக்கு 97. எல்லோரும் வெளியே போய்வந்துகொண்டிருந்த காலத்துக் கணக்கு இது. எல்லோரும் உள்ளேயே இருந்த காலத்தில் எத்தனை இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

செல்போன் சமாசாரமும் அப்படித்தான். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, இன்டர்நெட்டை ஒரு தரமாவது பயன்படுத்தியிருந்த ஆண்கள் 57.1 சத விகிதம், பெண்கள் 33.3 சத விகிதம். தமிழ்நாட்டு சர்க்கார் 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. டேட்டா இலவசமாகக் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். கார்டு வீட்டுக்கு வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொள்ளப் போன் யாரிடம் இருக்கிறது என்பது அந்தந்த வீட்டு விஷயமாகிவிட்டது.

படம் போடும் பெண்மணி சொன்னதுபோல இத்தனைக்கும் பிறகு மார்க் சரிந்திருக்க வேண்டும் அல்லவா?

சரியவில்லை! அக்கா பெண்ணுக்கு இரண்டாம் வருஷம் 71 சத விகிதம். மூன்றாம் வருஷம் 84. கதவு சாத்திய அறையில் லாப்டாப்போடு இருந்த பிள்ளையின் கதை வேறு. ஆகஸ்டில் இரண்டு அரியரும் போயிற்று என்று தெருவில் பட்டாசு வெடித்தான். பிப்ரவரியில் காமிராவைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் 'டிக்' அடிக்கும் பரீட்சை வந்தது. கொட்டாவி விட்டு முகம் திரும்பினால்கூட 'எச்சரிக்கை' என்று திரையில் எழுத்து வருமாம். மூன்று பாடத்தில் போய்விட்டது.

பெண்களின் மார்க் ஏன் ஏறியது? இதற்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தில் கிடைக்கிறது. அங்கே சர்வகலாசாலையில் சேருவதற்கு ஏ-லெவல் என்று ஒரு பரீட்சை. நம் பிளஸ் டூ மாதிரி. 2019-ல், எல்லோரும் மண்டபத்தில் உட்கார்ந்து எழுதியபோது, முதல் தர மார்க்கான 'ஏ'யும் 'ஏ ஸ்டா'ரும் வாங்கியதில் பெண்களும் பையன்களும் ஏறக்குறையச் சமம். 2021-ல் பரீட்சை இல்லை. வருஷம் முழுவதும் மாணவர் செய்த வேலையைப் பார்த்து ஆசிரியர்களே மார்க் போட்டார்கள். பெண்களில் 46.9 சத விகிதம் பேர் முதல் தரம், பையன்களில் 42.1. பையன்களின் கோட்டை என்று பேர்பெற்ற கணக்குப் பாடத்தில்கூட அந்த ஆண்டு 'ஏ ஸ்டார்' வாங்குவதில் பெண்கள் முந்திவிட்டார்கள். பிறகு மண்டபத்துப் பரீட்சை திரும்பி வந்தது. 2025-ல் பையன்கள் 28.4, பெண்கள் 28.2. பழையபடி தோளோடு தோள்; ஒரு மயிரிழை பையன்கள் முன்னே.

ஆசிரியர்கள் பெண்களுக்கு ஓரவஞ்சனை செய்துவிட்டார்கள் என்று அங்கே சிலர் சண்டைக்கு வந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசி இரண்டு வாரம் விழுந்து விழுந்து படித்து மூன்று மணி நேரத்தில் கொட்டித் தீர்ப்பது ஒரு திறமை. ஜூன் மாதம் கொடுத்த வேலையை ஜூன் மாதமே முடிப்பது இன்னொரு திறமை. முதலாவதற்குத்தான் நாம் இத்தனை காலமும் தராசு வைத்திருந்தோம். கொரோனா வந்து, இரண்டாவதற்கும் தராசைக் கொஞ்ச நாள் திருப்பி வைத்தது. பிழை திருத்தும் நண்பர் சொன்ன சிவப்புக் கோடு இதுதான்!

நம் ஊர்க் கணக்கையும் பார்த்துவிடலாம். கல்லூரி கல்லூரியாகத் தேடிக்கொண்டு போவதைவிட, கல்லூரி வாசல்படியான பிளஸ் டூவை எடுத்துக்கொள்வது சுலபம். 2019-ல் பெண்கள் 93.64 சத விகிதம் பாஸ், பையன்கள் 88.57. 2020-ல், ஊரடங்குக்குச் சற்று முன்னால் எழுதிய பரீட்சையில், 94.80-ம் 89.41-ம். 2021-ல் பரீட்சையே இல்லை. பத்தாம் வகுப்பு மார்க்கில் பாதி, பதினோராம் வகுப்பிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையிலிருந்தும் உள்மதிப்பீட்டிலிருந்தும் 30 என்று கூட்டிப் போட்டு, பள்ளியில் படித்த 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களும் நூற்றுக்கு நூறு பாஸ். பெண்களும் பையன்களும் தேர்ச்சியில் சரிநிகர் சமானமாக நின்ற ஒரே ஆண்டு அது! 2022-ல் பழையபடி மண்டபத்துக்குப் போனார்கள்: பெண்கள் 96.32, பையன்கள் 90.96. கழித்துப் பாருங்கள். கொரோனாவுக்கு முன்னும் பின்னும் வித்தியாசம் ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவிலேதான் நிற்கிறது.

இந்த எண்களைப் பார்த்து, "அப்படியானால் பெண்களுக்கு ஒரு குறையும் வரவில்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றை யோசிக்கவேண்டும். மார்க் என்பது பரீட்சைக்கு வந்தவர்களின் கணக்கு. வராதவர்கள் அதில் இல்லை.

எங்கள் மாடி வீட்டில் ஒரு பெண் இருந்தாள். பி.காம். இரண்டாம் வருஷம். அந்த ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. ஊரடங்கு விதிப்படி ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது. ஐம்பது பேருக்குத்தான் சாப்பாடு; மண்டபம் இல்லை; மேளம் இல்லை; நாலு லட்சத்தில் முடியவேண்டிய கல்யாணம் எழுபதாயிரத்தில் முடிந்தது. அவளுடைய தகப்பனாரை நான் குறை சொல்ல மாட்டேன். டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறவர். ஐந்து மாதமாக வண்டி நின்றுபோயிருந்தது. இரண்டு பெண்ணுக்குத் தகப்பனார் அந்த நேரத்தில் என்ன கணக்குப் போடுவார் என்பது நமக்குத் தெரியாததா? அந்தப் பெண்ணின் பெயர் அடுத்த பருவத்துப் பரீட்சைப் பட்டியலில் இல்லை. அவள் ஃபெயில் ஆகவில்லை. ஆகையால் எந்தச் சத விகிதத்திலும் அவள் இல்லை.

அந்தக் கல்யாணத்தைப் பார்த்த மறுநாளே எங்கள் வீட்டிலும் பேச்சுக் கிளம்பியது. அத்தானுக்குத் தூரத்து உறவில் ஒரு வரன், ஓசூரில் வேலை. ஐப்பசியில் முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். பெண் மூன்றாம் வருஷத்தில் இருந்தாள். இன்னும் இரண்டு பருவம் பாக்கி.

"படிப்பு கெட்டுப் போகுமே" என்று நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"என்ன கெட்டுப் போகிறது? காலேஜா நடக்கிறது, போய்வர? எல்லாம் போனில்தானே? அங்கே இருந்து படித்தால் என்ன, இங்கே இருந்து படித்தால் என்ன?" என்றார் அத்தான்.

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு பெண் ஊருக்குப் போக முடியாததற்கும், கல்யாணத்தைத் தள்ளிப் போடுவதற்கும், பெண் பார்க்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதற்கும் நூறு வருஷமாக நாம் சொல்லிவந்த ஒரே காரணம், "காலேஜ் இருக்கிறது" என்பதுதான். சென்னைக் கடற்கரையில் 1914-ல் ராணி மேரிக் கல்லூரியைத் தொடங்கிய நாளிலிருந்து, கல்லூரிக் கட்டடம் பெண்ணுக்குப் பாடம் மட்டுமா கொடுத்தது? காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை, யாரும் கூப்பிட்டு வேலை சொல்ல முடியாத ஓர் இடத்தையும் கொடுத்தது. ஒரே வாரத்தில் அந்த இடம் மறைந்து, ஆறு அங்குலத் திரைக்குள் போய்விட்டது. ஆண் பிள்ளைக்குக் கல்லூரி மூடினால் வகுப்பு மூடிற்று, அவ்வளவுதான். பெண்ணுக்குக் கல்லூரியோடு பஸ், நூலகம், காண்டீன், தோழிகள், தன் இஷ்டத்துக்கு ஒரு மணி நேரம் என்று எத்தனையோ மூடிற்று. அந்தக் காலத்தில் பல நாடுகளில் மாணவ மாணவியரிடம் விசாரித்தபோது, மனக்கவலையும் தூக்கமின்மையும் பெண்களே அதிகமாகச் சொன்னார்கள். மார்க் ஏறிக்கொண்டே இருந்த அதே பெண்கள்தான்!

எங்கள் வீட்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன். அத்தான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவர் அவருடைய தாயார்தான். கூடத்தில் ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. 'அங்கே போய் எழுதிக்கொள்ளலாம்' என்றுதான் உன் தாத்தாவும் சொன்னார்" என்றார்.

"அது அந்தக் காலம், அம்மா."

"ஹால் டிக்கெட்டைக்கூட எடுத்துக்கொண்டுதான் போனேன். பெட்டியில் இன்னும் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துப் பார்."

அத்தான் எடுத்துப் பார்க்கவில்லை. அன்றைக்கு அதற்கு மேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஓசூர்க்காரர்களுக்கு, பரீட்சை முடியட்டும் என்று தகவல் போயிற்று; அவர்கள் வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். லாப்டாப் மட்டும் மறுநாள் காலையில் பத்து முதல் ஒரு மணி வரை பெண்ணுக்கு என்று கூடத்துக்கு வந்தது. யார் கொண்டுவந்து வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. பாட்டிக்கு அதைத் திறக்கத் தெரியாது. ஆனால் தூக்கத் தெரியும்.

பையன்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். எங்கள் பிள்ளையை நான் பரிகாசம் செய்தேனே தவிர, எல்லாப் பையன்களும் மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கவில்லை. தகப்பனாருக்கு வேலை போன வீட்டில், வகுப்பைக் காதில் மாட்டிக்கொண்டே சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்த பையன்களை அந்த நாளில் சென்னையில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். அதில் சில பேர் கல்லூரி திறந்தபிறகும் திரும்பவில்லை. கையில் காசு பழகிவிட்டது, அல்லது வீட்டுக்கு அந்தக் காசு வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 2020 இலையுதிர் பருவத்தில் கல்லூரியில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை குறைந்தபோது, பெண்களைவிட ஆண்களே அதிகமாகக் குறைந்தார்கள். நம் நாட்டில் 2021-22-ல் உயர் கல்வியில் 4 கோடியே 33 லட்சம் பேர். அதில் பெண்கள் 2 கோடியே 7 லட்சம். அந்தந்த வயதுக்காரர்களில் கல்லூரிக்குப் போகிறவர்கள் என்று கணக்குப் பார்த்தால் பெண்கள் 28.5 சத விகிதம், ஆண்கள் 28.3. தமிழ்நாட்டில் சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் வந்தது. பையன்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டு 9-ல். நடுவில் இருந்த இரண்டு வருஷத்தில் பையன்களைப் பெற்றவர்கள், "எங்கள் பிள்ளை என்ன பாவம் செய்தான்?" என்று கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

சரி, 'கொரோனா பாஸ்' என்று கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது? அந்த மார்க் பொய் என்று நான் நினைக்கவில்லை. முழுவதும் மெய் என்றும் நினைக்கவில்லை. மார்க் உள்ளபடி எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்பது 2021 கடைசியில் அக்கா பெண் எம்.எஸ்ஸி. சேர்ந்து சோதனைச் சாலைக்குள் காலெடுத்து வைத்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வகுப்பில் பெரும்பாலும் எண்பதுக்கு மேல் வாங்கிய பெண்கள். பையன்களும் கொஞ்சம் பேர். பியூரெட்டில் திரவத்தை நிரப்பச் சொன்னார் பேராசிரியை. காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்ப வந்தவர்கள் நான்கே பேர். பிப்பெட்டைப் பிடித்த கை நடுங்கிற்று. இரண்டாம் வருஷம் பாதியில் நின்ற செய்முறை, மூன்றாம் வருஷம் கல்லூரி திறந்திருந்த மூன்று மாதத்தில் பாதிப் பாதி வகுப்பாக அவசர அவசரமாக ஓடிய செய்முறை. மற்றதெல்லாம் வீடியோவில் பார்த்தது. எந்தச் சொட்டில் நிறம் மாறும் என்று எழுதச் சொன்னால் ஒரு பக்கம் எழுதுவார்கள். அந்தச் சொட்டில் குழாயை மூட வரவில்லை. 2022-ல் அவள் தம்பி மண்டபத்தில் உட்கார்ந்து எழுதியபோதும் இதே கதைதான். ஒன்றரை மணி நேரத்தில் கை வலி கண்டு, விரலை உதறிக்கொண்டே மிச்சத்தை எழுதிவிட்டு வந்தான்.

பேராசிரியை கோபித்துக்கொள்ளவில்லையாம். "இது உங்கள் தப்பு இல்லை. ஆனால் உங்கள் பாடு" என்றாராம். சனிக்கிழமைதோறும் காலையில் இளங்கலை முதலாண்டுச் செய்முறையிலிருந்து மறுபடி சொல்லிக் கொடுப்பதாகவும், இஷ்டப்பட்டவர்கள் வரலாம் என்றும் அறிவித்தார். அதற்கு மார்க் கிடையாது. வருகைப் பதிவும் கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாததால் போக வரச் செலவும் இல்லை. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வந்தார்கள். அக்கா பெண் ஒரு சனிக்கிழமைகூட விடவில்லை.

சனிக்கிழமை காலையில்தானே எங்கள் வீட்டில் வாரத்துக்கு மாவு அரைப்பது வழக்கம், அதை யார் செய்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். தம்பிதான் செய்தான். முதல் வாரம் உளுந்தை ஊறவைக்க மறந்துவிட்டுக் கிரைண்டரைப் போட்டுவிட்டான். மறுவாரம் தண்ணீர் ஜாஸ்தி. மூன்றாவது வாரம் பாட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இரண்டு விரலால் மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நிமிஷம் ஓடட்டும்" என்றார்.